மீன் பரிசலும் மின்சார மோட்டாரும்

ஒகேனக்கலுக்குச் சென்றவர் எவரும் பரிசலைப் பாராமல் திரும்பியிரார். பாறைகளுக்கிடையே சுழன்று சுழன்று செல்லும் அந்த மூங்கில் கூடையில் ஒரு முறையேனும் அமர்ந்து, அருவித் திவலையில் நனைந்து வருவது யாத்திரிகர்களுக்குப் பெரிய விநோதம். ஆனால் தர்மபுரி ஜில்லாவில் பரிசலின் பிரதான தொழில் விநோதமன்று. அருவியைத் தாண்டிக் காவேரி இறங்கி, மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் தலைப்பில் விரிந்து நிற்கும் இடத்தில், பென்னாகரம் தாலுகாவைச் சேர்ந்த ஒட்டனூர், நாகமரை முதலிய கரைகளில், பரிசல் என்றால் மீன் பிடிக்கும் ஓடம் என்றே பொருள். 1934ஆம் வருஷத்தில் அணை கட்டி முடிந்து, 120 அடி வரையில் நீர் நிற்கத் தொடங்கிய நாள் முதல், அக்கரைகளில் உள்ள பல குடும்பங்களுக்கு வலையும் பரிசலுமே நிலபுலன்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சற்று நின்று கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். மாலையில் ஒரு பரிசலில் இருவர் புறப்படுகிறார்கள். பல குடும்பங்களில் கணவனும் மனைவியுமே புறப்படுவதுண்டு. ஒருவர் துடுப்பைப் பிடிக்க, மற்றொருவர் செவுள் வலையை மிதவையோடு சிறிது சிறிதாக நீரில் இறக்கிக்கொண்டே போகிறார். மறுநாள் விடியுமுன் சென்று, அதே கிரமத்தில் வலையைத் தூக்கி, கட்லா, ரோகு, திலேபியா, கெளுத்தி என்று அகப்பட்டதைக் கண்ணிகளிலிருந்து விடுவித்துக் கூடையில் போடுகிறார்கள். வலைக்கு இரண்டு கைகள் வேண்டும். துடுப்புக்கும் இரண்டு கைகள் வேண்டும். காற்று எழுந்துவிட்டால் துடுப்புக்காரர் ஒரு கணமும் ஓயக்கூடாது. ஓய்ந்தால் வட்டமான பரிசல் காற்றின் போக்கில் வலையின்மேல் ஏறிவிடும். இரண்டாவது ஆள் கிடைக்காத நாளில் தனியே செல்கிறவர், துடுப்பை முழங்காலுக்கடியில் வைத்துக்கொண்டு வலையையும் இழுத்துக்கொண்டு படும் பாடு சொல்லத் தரமன்று.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாகவே, மேல்நாடுகளில் மீன் பிடிக்கும் சிறு ஓடங்களில் பூட்டப்படும் மின்சார மோட்டாரைப் பற்றி இப்போது ஏரிக் குத்தகைதாரர்களும் பண்ணைக் குட்டை வைத்திருக்கும் விவசாயிகளும் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். காலால் மிதித்துத் திருப்பக்கூடிய மோட்டார் இருந்தால் கைகள் இரண்டும் வலைக்கு விடுதலையாகும் என்பது உண்மையே. ஆயினும் ஓடத்தின் ஸ்திரம், மோட்டாரின் அளவு, அதை உபயோகிக்கத் தகுந்த நீர்நிலை ஆகிய இம்மூன்றையும் அறியாமல் பணத்தைப் போட்டால், பணத்தோடு ஆளும் போக நேரிடும்.

பரிசல் கவிழாமல் நிற்பதன் காரணம்

பரிசல் புராதனமான சாதனம். சுமார் 1520இல் விஜயநகரத்தைக் கண்ட டோமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுகீசியர், துங்கபத்திரையைக் கடந்து ஆனைகுந்திக்குச் செல்லும் துறையில், உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாகக் கூடைபோல் வட்டமாயுள்ள ஓடங்கள் பதினைந்து இருபது பேரை ஏற்றிச் சென்றதையும், அவை நேராகப் போகாமல் எப்போதும் சுழன்றுகொண்டே போவதையும் எழுதிவைத்தார். அவருக்குச் சுமார் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பு கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு வரும் இத்தகைய வட்ட ஓடங்களைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி கூறியிருக்கிறார். அவ்வோடங்களால் வெள்ளத்தை எதிர்த்துத் திரும்ப இயலாதாகையால், ஓடக்காரன் சரக்கை விற்றபின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மாத்திரம் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவானாம். ஒகேனக்கலில் கழுதைக்கு வேலையில்லை. பரிசலையே கவிழ்த்துத் தலைமேல் சுமந்துகொண்டு பாறைமேல் நடந்துவிடுகிறார்கள். அவ்வளவு இலேசாயிருப்பதே அதன் முதற்குணம். பாறை மலிந்த ஆற்றில் கனத்த தோணி இரண்டொரு மோதலில் பிளந்துபோகும். மூங்கில் பத்தைகளால் பின்னிய பரிசலோ வளைந்து கொடுக்கும். முற்காலத்தில் மாட்டுத் தோல் போர்த்தார்கள்; பின்னர் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. கண்ணாடி நாரால் வார்த்த பரிசல்களும் இப்போது உண்டு.

மதராஸ் மீன் இலாகாவின் டைரக்டராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் தென்னாட்டுப் பரிசல்களையும், பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு ஆறுகளில் வழங்கும் பரிசல்களையும் ஒருங்கே ஆராய்ந்து எழுதியவர். வேல்ஸ் நாட்டு டைவி, டவி ஆறுகளில் இரண்டு பரிசல்கள் ஒரு வலையைத் தம்மிடையே பிடித்துக்கொண்டு வெள்ளத்தோடு இறங்கும். ஒவ்வொருவரும் ஒரு கையால் துடுப்பை வலித்து, மறு கையால் வலைக் கயிற்றைப் பிடித்திருப்பார். நாகமரைக்காரரின் சங்கடம் உலகத்தில் வேறிடத்திலும் உண்டென்பதற்கு இதுவே சாட்சி.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அடிப்பாகம் 6 அடி விட்டமுள்ள தட்டையான பரிசலின் அடிப்பரப்பு ஏறக்குறைய 28 சதுர அடி. அது நீரில் ஓர் அங்குலம் அமிழ்ந்தால் இரண்டேகால் கன அடிக்குச் சற்று அதிகமான நீரை விலக்கும். அந்நீரின் எடை சுமார் 67 கிலோ. ஆகவே ஓர் ஆள் ஏறினால் பரிசல் ஓர் அங்குலம் தாழும் என்று வைத்துக்கொள்வது கைக்கு அடக்கமான கணக்கு. நீளமும் குறுகலுமான தோணிக்கு இத்தனை பரப்பு இராது. ஆகையால் அதே பளுவுக்கு அது அதிகம் தாழும்.

தாழ்வதைவிடச் சாய்வதே முக்கியம். ஒரே நீளமுள்ள இரண்டு ஓடங்களில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு அகலமாயிருந்தால், சாயாமல் எதிர்த்து நிற்கும் சக்தி இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும். பட்டணத்துக் கடைகளில் விற்கும் இரண்டரை அடி அகலப் பிளாஸ்டிக் தோணி, வேகமாய்ப் போகும். உட்கார்ந்து போக உகந்தது. அதில் எழுந்து நின்று வலையை இழுப்பவன் நீரில் விழுவான். கடற்கரையார் இவ்விஷயத்தை வேறு வழியில் தீர்த்துக்கொண்டார்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம் ஒரு வழி. ஆங்கிலேயரும் அப்பெயரையே எடுத்துக்கொண்டு இரட்டை ஓடங்களுக்கெல்லாம் வைத்துவிட்டார்கள். இலங்கையில் சிங்கள மீனவர், குறுகிய தோணிக்குப் பக்கத்தில் சற்றுத் தூரத்தில் ஒரு மிதவைக் கட்டையை இரண்டு கழிகளால் பிணைத்து ஓட்டுவார்கள். இங்கும் ஏரிக்கென்று குறுகிய தோணி வாங்கிவிட்டவர்கள் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. இரண்டு தோணிகளை நான்கு அடி இடைவெளியில் முற்றிய மூங்கிலால் முன்னும் பின்னும் பிணைத்தால், ஒரு பரிசலுக்கு நிகரான ஸ்திரம் கிடைக்கும்.

பரிசல் கவிழவே கவிழாது என்று எண்ணுவதும் பிழை. அது கவிழும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. ஏறியவர் எல்லோரும் ஒரே விளிம்பில் சாய்வது முதலாவது. யாத்திரிகர்கள் செய்யும் தவறு இதுவே. மீன்காரர் செய்யும் தவறு வேறு. கனத்த வலை பாறையிலோ முள்மரத்திலோ மாட்டிக்கொள்ளும்போது, நின்றபடியே விளிம்பருகில் குனிந்து பலங்கொண்ட மட்டும் இழுக்கிறார்கள். வலை வராமல் விளிம்பு நீரை நோக்கி வருகிறது. அச்சமயம் பரிசலின் அடியில் நாலு குடம் நீர் கசிந்து தேங்கியிருக்குமாயின், அந்நீரும் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடிச் சேர்ந்து, மீதி வேலையைச் செய்துவிடும். ஓட்டை சிறிதுதானே என்று நீரை இறைக்காமல் விடுவது எவ்வளவு அபாயமென்பது இதனால் விளங்கும். மாட்டிய வலையை அறுத்து விடுவதற்கு இடுப்பில் ஒரு கத்தி இருப்பது நலம். வலை போனால் மறுபடி முடையலாம்.

புதிதாய் வாங்கும் ஓடம் எதுவாயினும், இடுப்பளவு நீரில் வைத்து முதலில் சோதிக்க வேண்டும். தொழிலில் ஏற்றக்கூடிய முழுப் பளுவுக்கும் மணல் மூட்டைகளை வைத்து, ஓர் ஆள் விளிம்பருகே சென்று குந்தியிருக்க, விளிம்புக்கும் நீருக்கும் இடையே ஒரு சாணாவது மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்த ஓடத்துக்கு அந்தப் பளு ஆகாது. இச்சோதனைக்கு அரை மணி நேரம் போதும்.

மோட்டாரின் விருத்தாந்தம்

மின்சாரத்தால் ஓடத்தைச் செலுத்துவது நேற்று வந்த யோசனையன்று. 1838இல் யாக்கோபி என்பவர் ருஷியாவில் பீட்டர்ஸ்பர்க் நகரத்து நேவா நதியில் மின்கல அடுக்குகளைக் கொண்டு ஒரு படகை ஓட்டிக் காட்டினார். 1881இல் பிரெஞ்சுக்காரரான த்ரூவே, ஓடத்திலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போகத்தக்க மோட்டாரைச் செய்து பாரிஸில் ஓட்டினார். மீன் பிடிப்பவர்களுக்கென்றே அமைந்த சிறு மோட்டார் அமெரிக்காவில் வடக்கு டகோட்டா மாகாணத்து பார்கோ நகரில் ஷ்மிட் என்பவரால் 1934இல் செய்யப்பட்டது. மேட்டூர் அணை முடிந்ததும் அதே வருஷந்தான். இந்தியாவில் இத்துறையில் பேர் பெற்றது கேரளத்து வைக்கத்தில் 2017 முதல் ஓடும் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு. அது எழுபத்தைந்து பேரை ஏற்றிச் செல்லும் பெரிய படகு. அதன் கணக்கும் பரிசலின் கணக்கும் ஒன்றாகா.

சிறு மோட்டாரின் அமைப்பு எளியது. ஒரு தண்டின் கீழ்நுனியில் நீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாரும் விசிறியும், மேல்நுனியில் பிடியும் விளிம்பில் இறுக்கும் கவ்வியும் உண்டு. பிடியைக் கையால் திருப்பும் வகை இலேசானது, விலையும் குறைவு. ஆனால் கை விடுதலையாவதில்லை. கால்மிதி வைத்த வகையில், குதிங்காலாலும் முன்பாதத்தாலும் மிதித்து வலமோ இடமோ திருப்பலாம்; ஓட்டவும் நிறுத்தவும் மற்றொரு பித்தான் உண்டு. இன்னும் விலையுயர்ந்த வகைகளில், செயற்கைக் கோளின் சமிக்ஞையைக் கொண்டு, காற்று அடித்தாலும் ஓடத்தை ஒரே இடத்தில் தானாகவே நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இக்கடைசி வகை தூண்டில் போடும் தனவந்தருக்கு ஏற்றது. வலைக்காரருக்கு நங்கூரக் கல்லும் கயிறும் அந்த வேலையைச் செலவின்றிச் செய்யும்.

இம்மோட்டார்களைக் குதிரைச் சக்தியால் அளந்து விற்பதில்லை; 30 பவுண்டு, 40 பவுண்டு, 55 பவுண்டு என்று இழுப்பு வலிமையைச் சொல்லி விற்கிறார்கள். 30 பவுண்டு என்றால், கரையில் ஒரு மரத்தோடு பரிசலைக் கயிற்றால் கட்டி மோட்டாரை முழுதும் ஓட்டினால், சுமார் பதின்மூன்றரைக் கிலோ பளுவைத் தொங்கவிட்டாற்போல் கயிறு இறுகும் என்று அர்த்தம். அத்தகைய மோட்டார் முழு வேகத்தில் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 30 ஆம்பியர் இழுக்கும். அதாவது அரைக் குதிரைச் சக்திக்குச் சற்றுக் குறைவான மின்சாரம். வட்டப் பரிசலுக்கு இது போதும். 55 பவுண்டு மோட்டாரை வாங்கிப் பூட்டினாலும் பரிசல் இருமடங்கு விரைந்து போகாது. நீரில் வேகத்தை இரட்டிக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி தேவை. எஞ்சிய சக்தியெல்லாம் அலையாகவும் நுரையாகவும் போகும். மனிதன் நிதானமாக நடக்கும் வேகமே பரிசலுக்கு வேகம்.

இதே காரணத்தால், மெதுவாக ஓட்டுகிறவனுக்குப் பாட்டரி நெடுநேரம் உழைக்கும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். அதைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் ஆயுள் குறையுமாதலால், 50 ஆம்பியர்-மணியே உபயோகத்துக்கு உரியதென்று கொள்ள வேண்டும். முழு வேகத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் அது தீரும். வலை இறக்கும் வேகத்தில், 12 ஆம்பியர் இழுக்கும்படி ஓட்டினால் நான்கு மணி நேரம் வரும். லாரிக்கும் டிராக்டருக்கும் உரிய பாட்டரி இதற்கு ஏற்றதன்று. அது ஒரு கணம் பலமாய்த் தள்ளுவதற்கென்று செய்யப்பட்டது. வடிந்து வடிந்து நிரம்பினால் சில மாதங்களில் செத்துப்போகும். வீடுகளில் மின்சாரம் நின்றபோது விளக்கெரிக்க வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பாட்டரியின் ஜாதியே தகுதியானது. அதன் எடை 25 முதல் 30 கிலோ வரையில் இருக்கும். லித்தியம் பாட்டரி இதில் பாதிக்கும் குறைந்த எடையுடையது. விலை அதிகம், ஆயுளும் அதிகம். தலைச்சுமையாய்க் கரைக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் எடையையும் விலையையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பரிசலில் மோட்டாரைப் பூட்டும் விதம்

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மூங்கில் விளிம்பில் நேரே கவ்வியை இறுக்கினால் சில நாளில் பத்தை நசுங்கிப் பின்னல் கழன்றுவிடும். பரிசலின் குறுக்கே, ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரையில் எட்டும்படி, ஒரு பலகையைப் போட்டு இரு முனையிலும் கயிற்றால் வரிந்து கட்டி, அப்பலகையின் நுனியில் கவ்வியைப் பூட்ட வேண்டும். வேல்ஸ் நாட்டுப் பரிசலில் உட்காருவதற்கே இப்படி ஒரு குறுக்குப் பலகை உண்டு. அப்பலகை பரிசலின் வாய் விரிந்துபோகாமலும் காக்கும்.

மோட்டார் முன்புறத்தில் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் மோட்டாரைத் திருப்பிய பக்கத்துக்குப் பரிசலின் தலை நேரே வந்துவிடும். பின்னாலிருந்து தள்ளினால், வலப்பக்கம் போக வேண்டுமென்று திருப்பும்போது பின்புறம் முதலில் இடப்பக்கம் ஒதுங்கி, அங்கே கிடக்கும் வலையின்மேல் ஏறும். துடுப்புக்காரர் முன்விளிம்பில் இருந்துகொண்டு நீரைத் தம் பக்கமாக வாரி இழுப்பதன் காரணமும் இதுவே. படிப்பில்லாதவர் தொழில் என்று இதை இகழ்கிறவர்கள், வட்டமான பாத்திரம் ஒன்றை நேர்கோட்டில் செலுத்திப் பார்த்தால் இகழ்ச்சி தீரும். பின்பக்கத்து அடியில் ஒரு முழ நீளமும் நாலு விரல் ஆழமுமுள்ள சிறு பலகையைச் செங்குத்தாகப் பொருத்தினால் சுழற்சி வெகுவாகக் குறையும். தலைமேல் தூக்கும்போது கழற்றிவிடத் தக்கதாய் அது இருக்க வேண்டும்.

மோட்டார் முன்னே தொங்குவதால், பாட்டரியைப் பின்பக்கமாகத் தரையோடு ஒட்டி வைக்க வேண்டும், உயரத்தில் வைக்கலாகாது. அது நகராதபடி கட்டுவது அவசியம். சாயும் பரிசலில் முப்பது கிலோ சரிந்து ஓடினால், முன்னே சொன்ன தேங்கிய நீரைப்போலவே அதுவும் சத்துருவாகும். மூடியுள்ள பெட்டியில் வைத்தால் அமிலம் சிந்தாது. பாட்டரியின் முனைக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். இருவர், வலை, மீன், மோட்டார், பாட்டரி யாவும் சேர்ந்து 210 கிலோ ஆகிறதென்று வைத்தால், மேலே சொன்ன கணக்குப்படி இவற்றால் மாத்திரம் மூன்று அங்குலத்துக்கு மேல் தாழும். இது தாங்கத்தக்கதே. பேராசையால் இரண்டாவது பாட்டரியையும் மூன்றாவது ஆளையும் ஏற்றும்போதுதான் விளிம்பைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வலையும் விசிறியும் பகைவர். நைலான் செவுள் வலை ஒரு முழம் உள்ளே போனாலும் தண்டைச் சுற்றி இறுகி மோட்டாரை எரித்துவிடும். வலை இறக்கும்போது மோட்டார் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகவே இறக்க வேண்டும். வலையைத் தூக்கும்போது மோட்டாரை நிறுத்தி, நீருக்கு மேல் தூக்கி மடக்கிவிட வேண்டும். அப்படியானால் தூக்கும் நேரத்தில் மோட்டாரால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். தூக்கும் நேரத்தில் வலையே பரிசலுக்கு நங்கூரம். வலையைப் பிடித்துப் பிடித்தே முன்னேறலாம். மோட்டாரின் உபகாரம் போகும்போதும், வரும்போதும், வலை இறக்கும்போதுந்தான்.

உபயோகிக்கத் தகாத இடங்கள்

ஒகேனக்கல் அருவிப் பிரதேசத்தில் இம்மோட்டார் கூடாது. அங்கே கர்நாடகத்து அணைகளிலிருந்து விடும் நீர் பிலிகுண்டுலுவைத் தாண்டி வந்து, ஒரே இரவில் ஆற்றின் ரூபத்தையே மாற்றிவிடும். நீர்வரத்து மிகும் நாட்களில் ஜில்லா நிர்வாகம் பரிசல் ஓட்டத்தையே தடை செய்வது யாவரும் அறிந்ததே. நடை வேகத்துக்கு மேல் போகாத மோட்டார் அவ்வெள்ளத்தை எதிர்க்காது. பாறையில் தட்டி விசிறி முறிந்தால் துடுப்பும் கையில் இல்லாதவன் கதி என்ன? அப்பகுதியின் காடு வனவிலங்குச் சரணாலயமாயும் இருப்பதால், வன இலாகாவின் அனுமதியும் இன்றியமையாதது. அங்கே பரிசல் ஓட்டுகிறவர்களின் கைத்திறனை இயந்திரத்தால் ஈடு செய்ய முயல்வது அவர்கள் பிழைப்பையும் கெடுக்கும், ஏறியவர் உயிரையும் கெடுக்கும்.

நீர்த்தேக்கத்திலும் மட்டம் தாழ்ந்த மாதங்களில் எச்சரிக்கை வேண்டும். நாகமரைக்கு எதிர்க்கரையான பண்ணவாடிப் பக்கத்தில், நீர் வற்றும் வருஷங்களில் பழைய ஜலகண்டேசுவரர் கோவில் நந்தியும் கிறிஸ்தவக் கோவிலின் கோபுரங்களும் வெளியே தெரிவதைப் பார்க்கப் பலர் போகிறார்கள். அவை வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பு நீருக்குச் சற்றே கீழே நிற்கும் என்பதைப் பரிசல்காரர் மறக்கலாகாது. மூழ்கிய கிராமங்களின் சுவர்களும் மரத்தூர்களும் அப்படியே.

தகுந்த இடங்கள் எவை? நீர்த்தேக்கத்தின் அகன்ற பகுதிகள், தொப்பையாறு, நாகாவதி, வாணியாறு, பஞ்சப்பள்ளிச் சின்னாறு முதலிய அணைகளின் நீர்ப்பரப்பு, ஆண்டில் பல மாதங்கள் நீர் நிற்கும் பெரிய ஏரிகள் ஆகியவை. இவற்றிலும் மீன் பிடிக்கும் உரிமை பெற்றவர்களே ஓடம் விடலாம். நாலைந்து ஏக்கர் ஏரிக்கும் பண்ணைக் குட்டைக்கும் மோட்டார் வீண் செலவு. ஒரு சிறு பரிசலும் துடுப்பும் அங்கே நிரம்பப் போதும். தீவனம் போடவும் வலை வளைக்கவும் லாரி டியூபிலும் தெர்மோகோல் பலகையிலும் மிதந்து செல்கிறவர்கள் முதலில் அவற்றை விட்டுப் பரிசலுக்கு வந்தால், அதுவே பெரிய அபிவிருத்தி.

பாட்டரியை ஒரு முறை ஏற்ற ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். பெட்ரோலோடு ஒப்பிட இச்செலவு அற்பம். பாசனத்துக்கென்று சர்க்கார் இலவசமாய்க் கொடுத்துள்ள பம்புசெட் இணைப்பிலிருந்து இதை ஏற்றுவது விதிக்கு விரோதம். வீட்டு இணைப்பிலிருந்தே ஏற்ற வேண்டும். 200 வாட் சூரியத் தகடு ஒன்று கரையோரக் குடிசையின் கூரையில் இருந்தால், நல்ல வெயிலில் ஒரு நாளில் இவ்வேலையைச் செய்துவிடும். ஈயப் பாட்டரி ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிப்படுமாதலால், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அருகே பீடி பற்றவைக்கலாகாது. இன்னொன்று: பாட்டரியும் கம்பியும் கைக்கு வந்தபின், மின்சாரத்தை நீரில் பாய்ச்சி மீனைக் கொல்லும் துர்ப்புத்தி சிலருக்குத் தோன்றக்கூடும். அது குற்றம், குஞ்சுகளையும் சேர்த்து அழிப்பது, பாய்ச்சுகிறவனையே கொன்ற சம்பவங்களும் உண்டு.

தனியே செல்லும் ஆசை

மோட்டார் வந்தபின் இரண்டாவது ஆள் எதற்கு என்று கேட்பவர் பலர் இருப்பார்கள். கூலி மிச்சமாகும் என்பது கணக்கில் சரி. ஆனால் துடுப்புக்காரர் துடுப்பு மாத்திரம் வலிக்கவில்லை. வலைக்காரர் விளிம்பில் குனியும்போது எதிர் விளிம்பில் அமர்ந்து பளுவைச் சமன் செய்தவர் அவர். வலைக்காரர் தவறி விழுந்தால் துடுப்பை நீட்டியவர் அவர். மோட்டார் இவ்விரண்டையும் செய்யாது. அதனினும் கேடு ஒன்று உண்டு. துடுப்பால் ஓடும் பரிசலிலிருந்து ஒருவன் விழுந்தால் பரிசல் அங்கேயே மிதந்து நிற்கும். மோட்டாரால் ஓடும் பரிசலோ அவனை விட்டுவிட்டுத் தன் வழியே போய்க்கொண்டிருக்கும். நனைந்த வேஷ்டியோடு ஆழ நீரில் கிடப்பவன் நடை வேகத்தில் போகும் ஓடத்தை நீந்திப் பிடித்தல் அரிது. ஆகையால் மோட்டாரின் மின்சாரத்தை அறுக்கும் சாவிக்கும் ஓட்டுகிறவர் இடுப்புக்கும் ஒரு கயிறு எப்போதும் கட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் சாவி பிடுங்கப்பட்டு மோட்டார் நிற்க வேண்டும். இச்சாவி இல்லாத மோட்டாரை எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் வாங்கலாகாது. மிதவைச் சட்டையும், கைக்கு எட்டும்படி ஒரு துடுப்பும் இருக்க வேண்டியதைப் பற்றி விவாதத்துக்கே இடமில்லை.

கணவனும் மனைவியுமாய்ச் செல்லும் குடும்பத்தில் மோட்டாரின் உண்மையான லாபம், ஆளைக் குறைப்பதில் இல்லை. துடுப்பு வலித்து ஓய்ந்த கைகள் வலைக்கு உதவ வரும்; வலை விரைவில் ஏறும்; மீன் வெயிலுக்கு முன் கரை சேரும். காற்று எழுந்த நாளில் கரைக்குத் திரும்பும் பலம் கைவசம் இருக்கும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துடுப்பால் ஓடிய ஓடத்தில் இயந்திரம் பூட்டியவுடன் அது வேறு வகுப்பாக எண்ணப்படலாம். 1917ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கப்பல்களுக்கென்று புதிய சட்டம் ஏற்பட்டிருக்கிறது. எனவே மோட்டார் பூட்ட விரும்புகிறவர், மீன் இலாகா அதிகாரிக்கும், நீர்நிலைக்குப் பொறுப்பான இலாகாவுக்கும் முன்னதாகவே எழுதி, எழுத்து மூலமான உத்தரவு பெறும்படி சொல்ல வேண்டும். மீன் பிடிக்க அனுமதி பெற்ற பரிசலில் மோட்டாரைப் பூட்டி அக்கரைக்கு ஆள் ஏற்றிக் கூலி வாங்குவதை அனுமதிக்கலாகாது. பஞ்சாயத்து ஏரியின் மீன் பாசியை ஏலம் விடும்போது, ஓடத்தில் இருவருக்குக் குறையாமல் செல்ல வேண்டும், ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை வேண்டும் என்று இரண்டு வரி நிபந்தனையில் சேர்ப்பதற்குச் செலவொன்றுமில்லை.

வேலை முடிந்து கரையேறியதும் மோட்டாரைக் கழற்றி, விசிறியின் பின்னால் நூல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துத் துடைக்க வேண்டும். பின்பு பரிசலைக் கவிழ்த்து வைத்து, குறுக்குப் பலகை கட்டிய இரண்டு இடங்களிலும் தார் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். புதிதாய் ஏற்பட்ட இழுப்பினால் முதலில் வெடிப்பது அவ்விடந்தான். வெடித்திருந்தால் அன்று மாலையே தாரைக் காய்ச்சிப் பூச வேண்டும்.